ஒன்பதாம் தொட்டியின் முறை

சிவசக்தியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வெள்ளக்கடையில் நடந்ததை நடந்தபடி நோட்டில் குறித்து வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. ஊரில் மற்றவர்களுக்கு அதை மறப்பதில்தான் அக்கறை.

என் பெயர் பாக்கியநாதன். முப்பத்து மூன்று வருடம் எஸ்டேட் ரைட்டராக இருந்தவன் என்பதால் எல்லோருக்கும் நான் ரைட்டர்தான். மழை எத்தனை மணிக்கு வந்தது, எந்தச் சரிவில் எத்தனை பேர் பழம் பறித்தார்கள் என்று எழுதி எழுதியே தலை நரைத்தது. ஓய்வு பெற்று ஏற்காட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, வெள்ளக்கடை விவசாயிகள் பதினான்கு பேர் சேர்ந்து கட்டிய காப்பி டிரையர் ஷெட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தொட்டியிலும் சூடு எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். அதற்கு மிஷினே இருந்தது. ஆனால் மிஷின் சொல்வதை ஒரு மனிதன் கையால் எழுதினால்தான் நம்ம ஆட்களுக்கு நம்பிக்கை வரும்.

அந்த மிஷினைச் செய்தவள்தான் சிவசக்தி. முப்பத்தொரு வயது. வலது கையில் ஆம்பளை வாட்ச் கட்டியிருப்பாள். டீ கொதிப்பதற்கும் நேரம் பார்ப்பாள். பஸ் மூன்று நிமிடம் தாமதமாக வந்தால் கண்டக்டரிடம் காரணம் கேட்பாள். அவளோடு ஏற்காடு கடைவீதிக்குப் போய் வருவது ஒரு தண்டனை. யாராவது வழியில் நின்று பேசினால் வாட்சைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவாள். எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அந்த எரிச்சலுக்குக்கூட ஏங்குகிறேன்.

பிறந்தது வெள்ளக்கடை. பள்ளி ஏற்காட்டில், இன்ஜினியரிங் சேலத்தில், பிறகு ஆறு வருடம் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி. தறி மிஷின்களை ஓட்டும் போர்டுகளுக்குப் புரோகிராம் எழுதும் வேலை. நூல் இழுபடும்போதே அதைக் கண்டுபிடித்து மோட்டாரைத் தளர்த்த வேண்டும். ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு தாமதித்தால் நூல் அறுந்துவிடும். ஒரு நாள் ஷெட்டில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாள்.

"கணக்கு சரியாப் போட்டாலும் நேரங்கழிச்சு வந்துச்சுன்னா அது தப்பான பதிலுங்க ரைட்டரய்யா. அறுந்த நூலுக்கிட்டப் போயி, நான் சரியாத்தான் சொன்னேன்னு சொல்ல முடியாதுங்களே."

மண்டையை ஆட்டினேன். புரிந்தது என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அவளுடைய அக்கா கௌரியை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்திருந்தார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் கௌரியின் புருஷன் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறி, கீழே விழுந்து இறந்துபோனான். பத்து நாள் லீவில் வந்த சிவசக்தி திரும்பிப் போகவில்லை. அக்காவைத் தனியே விட்டுப் போக அவளால் முடியவில்லை. ஏற்காட்டு லாட்ஜுகளில் கேமராவும் இன்வெர்ட்டரும் ரிப்பேர் பார்த்துப் பிழைத்துக்கொண்டு அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

கௌரிக்கு இருந்தது முக்கால் ஏக்கர் காப்பித் தோட்டம். நிலம் புருஷன் வீட்டாருடையது. அந்தச் சரிவில் நின்றால் சேலம் முழுக்கக் காலடியில் தெரியும். அதனாலேயே காட்டேஜ் கட்ட ஒரு சேலத்துப் பார்ட்டி கேட்டுக்கொண்டிருந்தது. பொம்பளை ஒருத்தி தனியாகப் பார்க்கும் தோட்டம் என்னத்துக்கு ஆகும், கொடுத்துவிடலாம் என்றது குடும்பம். ஒரே ஒருவர்தான் குறுக்கே நின்றார். புருஷனுடைய அண்ணன் ஜீவானந்தம். கௌரிக்கு இரண்டு பருவம் டயம் கொடுங்கள், அவள் காப்பியைப் பெங்களூர் வியாபாரிகள் ருசி பார்த்து எடுத்துக்கொண்டால் நிலம் அவளுக்கு, திருப்பி அனுப்பினால் காட்டேஜுக்கு என்று ஊர் முன்னால் பேசி முடித்தார். முதல் பருவத்தில் வெயிலே இல்லை. ஷெட்டும் அப்போது கட்டவில்லை, களத்தில் காயப்போட்ட காப்பி மூடுபனியில் பூஞ்சை பிடித்து, மூட்டையோடு திரும்பி வந்தது. மிச்சம் இருந்தது ஒரே பருவம்.

அந்த ஒரு பருவத்துக்காகத்தான் சிவசக்தி ஷெட்டின் போர்டுக்குப் பின்னால் அவ்வளவு அலைந்தாள். யாருக்கும் அதில் ஒளிவுமறைவு இருக்கவில்லை.

ஷெட்டில் ஒரு கோடியில் பெரிய அடுப்பு. அதன் சூட்டுக் காற்று ஒரே குழாய் வழியாக வரும். குழாயின் இரண்டு பக்கமும் ஏழு ஏழாகப் பதினான்கு தொட்டிகள். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு ஷட்டர், ஒரு சூட்டுமானி. பழத்தோல் உரித்துக் கழுவிய காப்பிக்கொட்டையைத் தொட்டியில் பரப்பினால், நாற்பது டிகிரி சூட்டில் மூன்று நான்கு நாளில் காயும். சூடு குறைந்தால் பூஞ்சை. நாற்பத்தைந்தைத் தாண்டினால் கொட்டை வெந்துபோகும். அப்புறம் அதை எந்த வியாபாரியும் வாயில் வைக்க மாட்டான்.

சிவசக்தியின் போர்டு டிபன் டப்பா மூடி அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரே ஒரு பிராசசர். பதினான்கு தொட்டிக்கும் அந்த ஒரே மூளைதான். ஒரு தொட்டிக்குப் போகும், சூட்டைப் பார்க்கும், ஷட்டரைக் கொஞ்சம் திறக்கும் அல்லது மூடும், அடுத்த தொட்டிக்குப் போய்விடும். செய்தது சரியா, கூடிப்போனதா என்று மறுபடி அங்கே வந்து பார்க்கும்போதுதான் தெரியும். அதுவரை ஷட்டர் வைத்த இடத்திலேயே நிற்கும். ஒரு தொட்டிக்கு மூன்று நொடி. ஒரு சுற்று முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு குறையும் சொல்ல முடியாமல் ஓடியது.

பிறகு நம்ம ஆட்கள் அதில் கை வைத்தார்கள்.

வெள்ளக்கடையில் குடிக்கிற தண்ணீர் ஒரே ஊற்றிலிருந்து வருகிறது. பதினான்கு வீட்டுக்கும் முறை உண்டு. ஒரு வீட்டின் முறை முடிந்தால், அந்த வீட்டார் ஊற்றடியில் நின்று அடுத்த வீட்டைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். அந்த வீட்டிலிருந்து பதில் குரல் வந்த பிறகுதான் குழாயை மாற்றலாம். பதில் வராமல் மாற்றினால் பெரிய குற்றம். வீடு பூட்டிக் கிடந்தாலும் அதன் முறையை யாரும் எடுக்க முடியாது. இந்த ஒழுங்கினால்தான் எங்கள் ஊரில் தண்ணீருக்கு வெட்டு குத்து நடந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், நடந்ததில்லை. தொட்டிகளுக்கு நம்பர் போட்டதும் அந்த ஊற்று வரிசைப்படிதான். எட்டு ஜீவானந்தம், ஒன்பது கௌரி.

போர்டு ஓட ஆரம்பித்த இரண்டாவது மாதமே, எங்கள் தொட்டியைப் பார்த்ததா இல்லையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறைக்கும் அந்தந்த வீட்டு ஃபோனுக்கு மெசேஜ் வர வேண்டும் என்றார்கள். சிவசக்தி போட்டுக் கொடுத்தாள். மெசேஜ் கிளம்புவதற்கு எங்கள் டவரில் பத்து நொடி ஆகும். மூன்று நொடி பன்னிரண்டு பதின்மூன்று ஆனது. முக்கால் நிமிடச் சுற்று மூன்று நிமிடம் ஆனது.

மற்றவர்கள் தொட்டியில் ஒரு அடி உயரத்துக்கு ஈரக் காப்பி கிடக்கும். அது சூடேற அரை மணி நேரம் எடுக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்தால் தாராளம். கௌரியின் முக்கால் ஏக்கரில் விளைந்ததோ தொட்டியின் அடியை மறைக்கும், அவ்வளவுதான். மெல்லிய பரப்பு சட்டென்று சூடேறும், சட்டென்று ஆறும். போர்டு வந்து பார்க்கும்போது முப்பத்து மூன்று இருக்கும், ஷட்டரைத் திறந்துவிட்டுப் போகும். மூன்று நிமிடம் கழித்து வந்தால் நாற்பத்தாறு. பதறி மூடும். அடுத்த தரம் முப்பத்தொன்று. ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இதை முதலில் நோட்டில் கவனித்தவன் நான். அவளிடம் சொன்னேன். அதுவரை நான் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

சிவசக்தி யாரிடமும் சொல்லாமல் புரோகிராமை மாற்றினாள். மற்ற தொட்டி இரண்டைப் பார்த்ததும் ஓடிப்போய் ஒன்பதை எட்டிப் பார்த்துவிட்டு வரும்படி வைத்தாள். அப்படி எட்டிப் பார்ப்பதற்கு மெசேஜ் கிடையாது. மூன்றே நொடி. மற்றவர்களுக்குச் சுற்று இருபது நொடி நீண்டது, அவ்வளவுதான். அவர்களுடைய காப்பிக்கு அது தெரியக்கூட இல்லை. கௌரியின் தொட்டி முப்பத்தொன்பது, நாற்பது, முப்பத்தொன்பது என்று கட்டிப்போட்டது போல நின்றது. மார்கழி பூராவும் அப்படியே நின்றது. கௌரியின் முதல் பறிப்புக் காப்பியை முகர்ந்து பார்த்த வியாபாரியின் ஆள், பெரிய பறிப்பும் இப்படியே வந்தால் தனி மூட்டையாகவே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குக் கௌரி எனக்குப் பாயசம் வைத்துக் கொடுத்தாள். அந்த வீட்டில் யாராவது சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். செயலாளர் ஜீவானந்தம் மாதாந்தர நோட்டை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வாசித்ததோடு வாயை மூடியிருக்கலாம். எனக்குத்தான் அந்தப் பெண்ணின் கெட்டிக்காரத்தனத்தை நாலு பேருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. "ஒம்பதாம் தொட்டியப் பாருங்க, ஒரு சுத்துக்கு ஏழு தடவ பாக்குற மாதிரி புள்ள செஞ்சிருக்குது, எப்படி நிக்குது பாருங்க" என்று மார்தட்டினேன்.

உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எங்களுக்கு ஒரு தரம், அவளுடைய அக்காவுக்கு ஏழு தரமா என்றார்கள். ஊற்றில் ஒருத்தி ஏழு முறை தண்ணீர் எடுத்தால் விடுவோமா என்றார்கள். நான் சொல்ல வந்தது இது இல்லை என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

சிவசக்தி எழுந்து நின்று ஜீவானந்தத்தைப் பார்த்துப் பேசினாள். "மாமா, உங்க தொட்டியப் பத்து நிமிசம் பாக்காம உட்டாலும் ஒண்ணும் ஆவாதுங்க. அக்கா தொட்டி ரெண்டு நிமிசம் தாங்காதுங்க. யாருக்கு அவசரமோ அவங்களத்தான் மொதல்ல பாக்கோணும். உங்க காப்பிக்கு இதுல ஒரு கொறையும் வரலீங்களே."

"கொற வரலீன்னு எனக்கும் தெரியுது கண்ணு," என்றார் ஜீவானந்தம். "ஆனா பங்கு சமம்னு சொல்லித்தான் பதினாலு பேரும் சேந்தோம். என்ற தம்பி பொண்டாட்டிக்கே நான் சலுக குடுத்தேன்னு ஆச்சுன்னா, நாளைக்கு அவ நெலத்துக்காக நான் வாயத் தொறக்க முடியாது."

அவர் கெட்டவர் இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

இன்னொரு போர்டு வாங்கி, போர்டுக்கு ஏழு தொட்டியாகப் பிரித்துவிடலாம் என்றாள் சிவசக்தி. நல்ல யோசனை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பிறகு, புதுப் போர்டு எந்த ஏழு பேருக்கு, பழையது எந்த ஏழு பேருக்கு என்று ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டு, கடைசியில் போர்டே வேண்டாம் என்று முடித்தார்கள். சிரிப்பு வருகிறதா? எனக்கும் அன்றைக்கு வந்தது.

அன்று மூன்று தீர்மானம் போட்டார்கள். ஒன்று, எல்லோருக்கும் ஒரு சுற்றுக்கு ஒரே முறை. இரண்டு, மெசேஜ் கிளம்பினால் மட்டும் போதாது. அந்த வீட்டு ஃபோனில் போய்ச் சேர்ந்தது என்ற தகவல் திரும்பி வந்த பிறகுதான் போர்டு அடுத்த தொட்டிக்குப் போகலாம். ஊற்றடியில் பதில் குரல் கேட்பதைப் போலத்தான். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று பேச்சு வந்தது. பத்து நொடி போதும் என்று சிவசக்தி கெஞ்சினாள். பதில் வரும்வரை என்றார்கள் மற்றவர்கள். ஐந்து நிமிடம் என்று முடிவானது. மூன்றாவது, ஒரு ஷட்டரை மூடினால் அந்தச் சூடு பக்கத்துத் தொட்டிக்குப் போகும் என்பதால், செயலாளரைக் கேட்காமல் யாரும் கையால் ஷட்டரைத் தொடக் கூடாது. மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதியது என் கை. என் கையெழுத்து அழகாக இருக்கும்.

சிவசக்தி சொன்னபடி செய்து கொடுத்தாள். ஒன்பதாம் தொட்டியின் சூட்டளவை முப்பத்தாறாகக் குறைத்து வைத்து, ஆடினாலும் நாற்பத்தைந்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டாள். பெரிய பறிப்புக் காப்பி மெதுவாகத்தான் காய்ந்தது. பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கௌரி இரண்டு மணிக்கொரு தரம் வந்து பலகையால் கிளறிவிட்டுப் போனாள். மேலே போனாலும் ஆபத்து, கீழே போனாலும் ஆபத்து என்று இரண்டு பெண்களும் தூங்காத கண்ணோடு அலைந்தார்கள். இதற்கிடையில் சிவசக்தி, அக்காவின் தொட்டிக்கு மட்டும் தன் சொந்தச் செலவில் ஒரு போர்டு வைத்துக்கொள்கிறேன் என்று ஜீவானந்தத்திடம் போய்க் கேட்டாள். அவர் உடனே சரி என்றார். தாராளமா வெச்சுக்க கண்ணு, உன்ற காசுல வெச்சா யாரு கேப்பாங்க என்றார். கோயம்புத்தூரிலிருந்து பழைய சிநேகிதி பவித்ரா ஒரு போர்டைப் பஸ் பார்சலில் போட்டுவிட்டாள்.

பார்சல் ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர வேண்டிய நாளும், சேலத்தில் ஒரு கல்யாணமும் ஒரே தேதியில் வந்தன. தை மாதம். ஊரில் பாதிப் பேர் வேன் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். அடுப்பில் விறகு தள்ளுபவனும் போனான். தான் வரும்வரை தீ அணையாமல் இருக்கட்டும் என்று நல்ல காய்ந்த விறகாகப் பார்த்து அடுக்கிவிட்டுப் போனான். சிவசக்தி ஸ்கூட்டரை எடுக்கும்போது, "ஒரு மணி நேரத்துல வந்துருவேனுங்க ரைட்டரய்யா, இன்னையோட இந்த ரோதன முடிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இனிமேல் வருவது நோட்டில் உள்ளபடி.

ஒன்பது ஐம்பத்தெட்டுக்குக் கௌரி வந்து தொட்டியைக் கிளறினாள். அடியில் இருந்த ஈரம் மேலே வந்து சூடு முப்பத்திரண்டுக்கு இறங்கியது. இன்னும் அரை நாள்தான், காய்ந்துவிடும் என்று ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு இறங்கிப் போனாள். பத்து மணிக்குப் போர்டு ஒன்பதாம் தொட்டியைப் பார்த்தது. முப்பத்திரண்டு என்று கண்டு ஷட்டரை முழுக்கத் திறந்துவிட்டுப் பத்தாம் தொட்டிக்குப் போனது. பத்தாம் தொட்டிக்காரர் வேனில் இருந்தார். வேன் மலைப்பாதையில் இருந்தது. அந்த வளைவுகளில் எந்த ஃபோனுக்கும் சிக்னல் கிடையாது. போர்டு பத்தாம் தொட்டிக்காரரின் பதிலுக்காக ஐந்து நிமிடம் காத்து நின்றது. பிறகு பதினொன்று, அவரும் வேனில், இன்னொரு ஐந்து நிமிடம். பிறகு பதிமூன்று. பிறகு இரண்டு. பிறகு எட்டு, ஜீவானந்தம்.

பத்து நான்குக்கு ஒன்பதாம் தொட்டி நாற்பத்தொன்று. பத்து ஆறுக்கு நாற்பத்தைந்து. நான் எழுந்து அதன் பக்கத்தில் போய் நின்றேன். ஷட்டர் கைப்பிடி என் இடுப்பு உயரத்தில் இருக்கும். ஒரு சின்னப் பிள்ளைகூட அதை மூடலாம். ஜீவானந்தத்துக்கு ஃபோன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது. பத்து ஒன்பதுக்கு ஐம்பது. மறுபடி போட்டேன். அதே பெண். பத்து பதிமூன்றுக்கு ஐம்பத்தாறு. காப்பியிலிருந்து வேகவைத்த கடலை வாசனை வர ஆரம்பித்தது. மறுபடி போட்டேன். பத்து பதினெட்டுக்கு அறுபத்தொன்று. இன்னொரு தரம் போட்டேன்.

முப்பத்து மூன்று வருடம் மேனேஜர் சொல்லாமல் ஒரு கதவைத் திறந்தவன் இல்லை நான். எழுதுவது என் வேலை, தொடுவது என் வேலை இல்லை. அந்தத் தீர்மானத்தை என் கையாலேயே எழுதியிருந்தேன். அந்த நேரத்தில் இதையெல்லாம் நான் யோசித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். எதையும் யோசிக்கவில்லை. ஜீவானந்தத்தின் பதில் வர வேண்டும் என்று காத்துக்கொண்டு, ஒரு கையில் ஃபோனும் ஒரு கையில் பேனாவுமாக நின்றேன். போர்டும் அதே ஆளுடைய பதிலுக்குத்தான் காத்திருந்தது.

பத்து இருபத்தெட்டுக்கு வேன் அடிவாரத்தைத் தொட்டது. பதில் வந்தது. போர்டு ஒன்பதாம் தொட்டிக்கு வந்து, அறுபத்து நான்கு என்று பார்த்து, ஷட்டரை மூடியது. ஜீவானந்தமும் அப்போதுதான் என்னைத் திரும்பக் கூப்பிட்டார். சொன்னேன். "ஐயோ ரைட்டரே, மூட வேண்டியதுதானுங்களே, இதுக்கு என்னைய எதுக்குங்க கேக்கோணும்" என்றார்.

சிவசக்தி பதினொன்றுக்கு வந்தாள். பார்சலை மடியில் வைத்து ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே வந்ததும் வாசனையிலேயே தெரிந்துவிட்டது. தொட்டிக்குள் கை விட்டு ஒரு கொட்டையை எடுத்துக் கடித்தாள். துப்பவில்லை. பிறகு என் நோட்டை வாங்கி அந்த ஏழு எட்டு வரியை மெதுவாகப் படித்தாள்.

"நொம்பச் சரியா எழுதியிருக்கறீங்க ரைட்டரய்யா," என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என்னையவாச்சும் கூப்பிட்டிருக்கலாமேங்க" என்றாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான்கு தரம் ஃபோன் போட்டேன், நான்கும் ஜீவானந்தத்துக்கு. அவள் நம்பர் என் ஃபோனில் முதல் பெயராக இருந்தது. அவளைக் கூப்பிட எனக்குத் தோன்றவே இல்லை. அனுமதி கொடுக்கும் இடத்தில் அவள் இல்லாததால் தோன்றவில்லை. வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா என்று அன்றிலிருந்து தேடுகிறேன், கிடைக்கவில்லை.

தோட்டத்திலிருந்து கௌரி வந்து பார்த்தாள். அழவில்லை. தொட்டியை மறுபடி ஒரு தரம் கிளறிவிட்டாள். பழக்கம்.

மாதிரியை அனுப்பத்தான் செய்தார்கள். இரண்டு வாரத்தில் வேண்டாம் என்று பதில் வந்தது. ஜீவானந்தம் ஷெட்டுக்கு வந்து, மூலையில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். இன்னொரு வருடம் கேட்டுப் பார்த்தார். ஊர் முன்னால் பேசிய பேச்சு என்று குடும்பம் அவர் வாயை அடைத்துவிட்டது. சித்திரையில் ஜேசிபி வந்து சரிவைச் சமப்படுத்தியது. கௌரி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். சிவசக்தியைக் கோயம்புத்தூர்க் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஓசூரில் ஏதோ ஷிப்ட் வேலை என்று கேள்வி. என்ன வேலை என்று அவளும் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. அந்தப் பார்சல் பிரிக்காமல் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

இந்த வருடம் பருவம் தொடங்கும்போது முதல் கூட்டத்திலேயே ஜீவானந்தம் எழுந்து, இனிமேல் எந்தத் தொட்டிக்கு அவசரமோ அதைத்தான் போர்டு முதலில் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு நிமிடத்தில் எல்லாக் கையும் உயர்ந்தது. ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. நான் அழகாக எழுதி வைத்தேன். ஆனால் புரோகிராமை மாற்ற யாருக்கும் தெரியவில்லை. சேலத்திலிருந்து வந்த ஒரு பையன் திறந்து பார்த்துவிட்டு, தொட்டால் நின்றுபோய்விடும் என்று பயந்து மூடிவிட்டுப் போனான். பல நாள் முயற்சிக்குப் பிறகு சிவசக்தி ஃபோனை எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அவசரமான தொட்டி ஒண்ணுதானுங்க இருந்துச்சு ரைட்டரய்யா," என்றாள். "அது இப்ப காலியாத்தானுங்களே கெடக்குது. மத்ததெல்லாம் இப்படியே ஓடுமுங்க." பிறகு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது சரி. மற்றதெல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது. பதிமூன்று பேரின் காப்பியும் பெங்களூருக்குப் போகிறது. ஒன்பதாம் தொட்டியின் முறையை யாரும் எடுக்கவில்லை. பூட்டிய வீடானாலும் முறை முறைதான். போர்டு ஒவ்வொரு சுற்றிலும் அங்கே போய், காலித் தொட்டியின் சூட்டைப் பார்த்து, ஷட்டரைச் சரிசெய்து, கௌரியின் ஃபோனுக்கு மெசேஜ் அனுப்பி, அது போய்ச் சேர்ந்த தகவல் வந்த பிறகுதான் பத்தாம் தொட்டிக்குப் போகிறது.

போன வாரம் கௌரி திருப்பூரிலிருந்து கூப்பிட்டாள். "ஏனுங்க ரைட்டரே, நான் கெளம்பறப்பவே சொல்லோணும்னு இருந்தேன், மறந்துட்டனுங்க. இப்ப மறுபடி மெசேஜ் வர ஆரம்பிச்சிருச்சு. மிசுனுல கை வெச்சுட்டு இருக்கறப்ப வந்துட்டே இருக்குதுங்க. சூப்பர்வைசர் சத்தம் போடறாரு. அத நிறுத்த முடியுமுங்களா?"

கூட்டத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று சொன்னேன். அடுத்த கூட்டம் மாசி முதல் ஞாயிற்றுக்கிழமை. சரிங்க என்று வைத்துவிட்டாள்.

இன்று காலை பத்து மணிக்கு ஒன்பதாம் தொட்டி: காலி, முப்பத்தாறு டிகிரி, மெசேஜ் போய்ச் சேர்ந்தது. எழுதி வைத்திருக்கிறேன்.